டிரெய்லர் ஃப்ரிட்ஜுக்கு வெளிப்பக்க ஃபேன் கிட்: வாங்கலாமா?

பீனிக்ஸ் நகரில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டையோ அதற்கு மேலோ தொட்டது. அரிசோனா, நெவாடா, தெற்கு யூட்டா பக்கம் ஜூலையில் டிராவல் டிரெய்லரை (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வீட்டை) இழுத்துக்கொண்டு போகிறவர்களிடம் கேட்டால் புகார் ஒன்றுதான்: விடிகாலையில் 38 காட்டிய ஃப்ரிட்ஜ், மாலை நாலு மணிக்கு 50-க்கு வந்து நிற்கிறது. அமெரிக்க உணவுப் பாதுகாப்புக் கணக்குப்படி ஃப்ரிட்ஜ் 40 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், ஃப்ரீசர் 0. ஐம்பதில் பாலும் தாங்காது, கோழியும் தாங்காது.

இதற்கு மருந்து என்று ஆர்வி (பயண வீட்டு வாகன) கடைகளில் மூன்று சாமான்கள் கிடைக்கின்றன. ஃப்ரிட்ஜின் முதுகுப்பக்கம் மாட்டும் 12 வோல்ட் ஃபேன் கிட், உள்ளே தட்டில் வைக்கும் பேட்டரி ஃபேன், ஃப்ரிட்ஜுக்குள் வெப்பத்தை அளக்கும் சென்சரை ஏற்றி இறக்கும் கிளிப். மூன்றில் முதலாவதற்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் கிட்டில் வராத ஒரு அலுமினியத் தகட்டையும் சேர்த்து வாங்காவிட்டால் அந்தப் பணத்தில் பாதி காற்றோடு போய்விடும். இரண்டாவது சாமான் துணைக்கு உதவும். மூன்றாவதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இங்கே பேசுவது கேஸிலும் 120 வோல்ட் மின்சாரத்திலும் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜைப் பற்றி. டொமெடிக், நார்கோல்ட் என்ற பெயர்களில் பல டிரெய்லர்களில் இருப்பது இதுதான். வெளிச்சுவரில் கீழே ஒரு வென்ட் (காற்றுத் திறப்பு), மேலே கூரையிலோ சுவரிலோ இன்னொரு வென்ட் இருந்தால் இந்த வகை என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், மன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922-இல் கண்டுபிடித்து, பிறகு எலக்ட்ரோலக்ஸ் வாங்கிய முறை. கம்ப்ரசர் கிடையாது, அசையும் பாகம் எதுவும் கிடையாது. அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவி பிரிந்து மேலே போகும். முதுகின் உச்சியில் உள்ள கண்டென்சர் துடுப்புகளில் குளிர்ந்து திரவமாகும். அது உள்ளே வந்து ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆவியாகும்போதுதான் ஃப்ரீசரும் ஃப்ரிட்ஜும் குளிர்கின்றன. கடைசியில் கீழே உள்ள அப்சார்பர் சுருள்களில் அம்மோனியா மறுபடி தண்ணீரில் கரைந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, கண்டென்சரும் அப்சார்பரும் வெளிக்காற்றை மட்டுமே நம்பி இருப்பது. சூடான காற்று தானாக மேலே போக, கீழ் வென்ட் வழியாகக் குளிர்ந்த காற்று வர வேண்டும் என்பது திட்டம். வெளியே 110 இருக்கும்போது உள்ளே வருவதே 110. வெயில் அடிக்கும் சுவருக்குப் பின்னால் அது இன்னும் ஏறும். ஆவி முழுதாகத் திரவமாகாது, அப்சார்பரும் மந்தமாகும். குளிர் குறைவது அங்கேதான். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் பட்டனை 3-இலிருந்து 5-க்குத் திருப்பி ஒன்றும் ஆகாது. பட்டன் செய்வது ஹீட்டரை எப்போது அணைப்பது என்று சொல்வது மட்டும். மதியத்தில் ஹீட்டர் ஏற்கெனவே அணையாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்சர் கிளிப்பின் கதையும் இதேதான். சென்சரை ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் குளிர்த் துடுப்பில் மேலே தள்ளினால் ஃப்ரிட்ஜ் அதிக நேரம் ஓடும் என்பது உண்மை. இரவில் நன்றாகக் குளிரவைத்து மதியத்தைத் தாங்க அது உதவும். அதற்குக் கிளிப் எதுவும் வாங்க வேண்டாம், இருக்கும் கிளிப்பையே கையால் அரை அங்குலம் தள்ளினால் போதும்.

இனி ஃபேன் கிட். பீச் லேன் போன்ற நிறுவனங்கள் விற்பது தெர்மோஸ்டாட்டோடு வரும் தயார் கிட். கையால் சேர்க்க நினைப்பவர்களுக்கு 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு, 45 டிகிரி செல்சியஸில் (அதாவது 113 ஃபாரன்ஹீட்டில்) இணையும் ஸ்னாப் டிஸ்க் ஸ்விட்ச் ஒன்று, 2 ஆம்ப் ஃபியூஸ், 18 கேஜ் வயர் கொஞ்சம் போதும். ஸ்விட்ச் வாங்கும்போது சூடானால் இணையும் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். சூடானால் துண்டிக்கும் வகையும் அதே உருவத்தில், அதே விலையில் கிடைக்கிறது. அதை மாட்டினால் இரவெல்லாம் ஃபேன் ஓடி மதியம் நிற்கும்.

ஃபேனில் பார்க்க வேண்டியது பேரிங். விலை மலிந்த ஃபேன்கள் ஸ்லீவ் பேரிங்கில் வரும். சூட்டிலும், மல்லாக்கப் படுக்கவைத்த நிலையிலும் அவற்றின் எண்ணெய் வற்றி ஒரு கோடைக்குள் கிரீச்சிடத் தொடங்கும். உருண்டைகள் வைத்த பால் பேரிங் ஃபேனுக்குச் சில டாலர்தான் அதிகம். வென்ட் வழியாகச் சாரல் அடிக்கும் என்பதால் தண்ணீர் தாங்கும் வகையாக இருந்தால் நல்லது. மின்சாரச் செலவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் 0.15 ஆம்ப் இழுத்தால், இரண்டும் பத்து மணி நேரம் ஓடினாலும் 3 ஆம்ப்-அவர்தான்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கூரை வென்ட்டுக்கு அடியில் மாட்டினால் இழுவை நேராக இருக்கும், ஆனால் கொதிக்கும் காற்றிலேயே கிடந்து ஃபேனின் ஆயுசு குறையும். கீழ் வென்ட்டில் மாட்டினால் ஃபேன் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் பக்கத்தில் கேஸ் பர்னர் இருக்கிறது. காற்று பட்டு நெருப்பு அலைந்தால் ஃப்ரிட்ஜ் அடிக்கடி அணைந்து பிழை விளக்கு காட்டும். கண்டென்சர் துடுப்புகளுக்குக் கொஞ்சம் கீழே, அப்சார்பர் சுருள்களுக்கு மேலே, காற்று மேல்நோக்கிப் போகும்படி மாட்டுவதுதான் நடு வழி. ஸ்லைடு-அவுட்டில் (நிறுத்தியதும் வெளியே நீட்டிக்கொள்ளும் சுவர்ப்பகுதியில்) இருக்கும் ஃப்ரிட்ஜுக்குக் கூரை வென்ட் கிடையாது, மேல் வென்ட்டும் பக்கச் சுவரில்தான். அங்கே கண்டென்சருக்கு மேல் சூடான காற்று குளம் கட்டிக்கொள்ளும். அந்த மேல் வென்ட்டிலேயே ஃபேனை வெளிநோக்கி மாட்ட வேண்டும். ஃபேன் சட்டத்தில் காற்றின் திசைக்கு அம்புக்குறி இருக்கும். அதைப் பார்க்காமல் திருப்பி மாட்டினால் இயல்பாக மேலே போகும் காற்றை ஃபேன் எதிர்த்துத் தள்ளும், முன்னைவிட மோசமாகும்.

ஸ்னாப் டிஸ்க்கைக் கண்டென்சர் துடுப்பில் கவ்வ வைக்க வேண்டும். அம்மோனியாத் தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் ஃபேன் எந்நேரமும் ஓடும். 12 வோல்ட் மின்சாரம் கீழ் வென்ட்டுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜின் இணைப்புப் பட்டையிலேயே கிடைக்கும். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸைப் போட வேண்டும். அதே இடத்தில் 120 வோல்ட்டும் ஓடுவதால், வேலைக்கு முன் வெளி மின்சாரத்தைப் பிடுங்கி, இன்வெர்ட்டரை அணைத்து, கேஸ் சிலிண்டரையும் மூடிவிட வேண்டும். வயரை உள்ளே கொண்டுவர டிரெய்லரின் உட்சுவரில் துளை போடவே கூடாது. அந்தச் சுவர்தான் பர்னரின் புகையும் கார்பன் மோனாக்சைடும் படுக்கும் இடத்துக்குள் வராமல் தடுக்கிறது.

அடுத்து அந்தத் தகடு. ஃப்ரிட்ஜின் முதுகுக்கும் டிரெய்லர் சுவருக்கும் நடுவே ஒரு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் காற்று துடுப்புகளைத் தொடாமல் சுலபமான வழியில் மேலே ஓடிவிடும். புது டிரெய்லர்களிலேயே மூன்று, நாலு அங்குல இடைவெளி விட்டுப் பொருத்தியிருப்பதைப் பார்க்கலாம். தொழிற்சாலையில் இதை யாரும் அளந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி மடித்து, கண்டென்சருக்குச் சற்றுக் கீழே வெளிச்சுவரில் தொடங்கி, சாய்வாகத் துடுப்புகளை நோக்கிப் போகும்படி திருகி வைத்தால் மேலே போகும் காற்று முழுதும் துடுப்புகளுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். இன்னொரு தகடு ஃப்ரிட்ஜின் மேல் பின்விளிம்பிலிருந்து வென்ட்டை நோக்கிச் சரிய வேண்டும். இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜின் தலைக்கு மேல் சூடு தங்கி, ஃப்ரீசரின் கூரையைச் சுட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் உள்ள இடுக்குகளில் காகித உறை இல்லாத கண்ணாடியிழைப் பஞ்சை அடைக்கலாம். நுரைப் பலகை வேண்டாம், பர்னர் இருக்கும் அறையில் எரியும் பொருள் எதற்கும் இடமில்லை. இந்தத் தகடுகள் இல்லாமல் ஃபேனை மட்டும் மாட்டியவர்கள்தான் கிட்டுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டுகிறார்கள்.

உள்ளே வைக்கும் ஃபேனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேம்கோ விற்பது இரண்டு பெரிய டி செல்லில் ஓடும். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைச் சமன் செய்யும், புதிதாகக் குளிரை உண்டாக்காது. உள்ளே உள்ள குளிர்த் துடுப்புகளில் பனி கட்டியிருந்தால் அதுவும் செய்யாது. கால் அங்குலம் பனி படிந்தாலே கரைத்துவிடுவது நல்லது. தட்டுகளில் அலுமினிய ஃபாயில் விரித்து வைப்பவர்கள் காற்றோட்டத்தை அடைத்துவிட்டுப் பிறகு ஃபேன் வாங்குகிறார்கள்.

இதையெல்லாம் வாங்கும் முன் செலவில்லாத சோதனைகள் சில உண்டு. முதலில் மட்டம். ஃப்ரிட்ஜ் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் குழாய்க்குள் திரவம் தேங்கி ஓட்டம் நிற்கும். நீண்ட நேரம் அப்படியே விட்டால் கூலிங் யூனிட்டே (முதுகில் உள்ள குழாய்த் தொகுதியே) நிரந்தரமாகப் பாழாகும். ரசமட்டத்தை ஃப்ரீசர் தளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், டிரெய்லர் தரையில் வைத்து அல்ல.

அடுத்தது வோல்டேஜ். கோடையில் முகாம் முழுக்க ஏசி ஓடும்போது 120 வோல்ட் 105-க்கு இறங்குவது புதுமை இல்லை. ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும் என்பதால் 325 வாட் ஹீட்டர் சுமார் 250 வாட்தான் தரும். அதாவது முக்கால் அளவு. உடனே கேஸுக்கு மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஹீட்டரே செத்துவிட்டதா என்று பார்க்க, மின்சாரத்தைத் துண்டித்து, அதன் இரண்டு வயர்களையும் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 325 வாட்டுக்குச் சுமார் 44 ஓம் வர வேண்டும். திறந்த சுற்று என்று காட்டினால் ஹீட்டர் போய்விட்டது.

கேஸில் சுடர் நீலமாக, நேராக நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் பர்னரில் மேலிருந்து விழுந்த துரு, அல்லது குழாய்க்குள் சிலந்தி வலை. பர்னர் குழாயில் சிலந்திகள் குடியேறுவது ஆர்விக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. காற்றடித்துச் சுத்தம் செய்யலாம், ஆனால் கேஸ் வரும் சிறு துளைக்குள் ஊசியை விடக்கூடாது. துளை பெரிதானால் சுடர் கெடும். கேஸ் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம், அதாவது 11 அங்குல உயரத் தண்ணீரைத் தாங்கும் அளவு, இருக்க வேண்டும். 5,500 அடிக்கு மேல் மலையில் கேஸ் சுடர் பலவீனமாகும், அங்கே முடிந்தால் மின்சாரத்தில் ஓட்டுவது நல்லது. கதவு ரப்பருக்கு ஒரு டாலர் நோட்டுப் போதும். கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடித்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்து ரப்பரை ஹேர் டிரையரால் இளக்கி உருவம் கொடுத்துப் பார்க்கலாம்.

கிட் வேலை செய்கிறதா என்று கைவைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் முனையை மூழ்கவைத்து நடுத்தட்டில் வைத்தால்தான் சாமானின் உண்மையான வெப்பம் தெரியும். காற்றின் வெப்பம் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் குதிக்கும். ஃபேன் இல்லாமல் ஒரு மதியம், ஃபேனோடு ஒரு மதியம் ஒப்பிட்டு, இரண்டு நாளும் வெளிவெப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே காற்றோட்டம் நன்றாக இருக்கும் டிரெய்லரில் பெரிய மாற்றம் தெரியாது. ஸ்லைடு-அவுட்டில் நன்றாகத் தெரியும்.

ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கம் மாலை வெயில் படாதபடி டிரெய்லரை நிறுத்துவது எந்தக் கிட்டுக்கும் குறையாத உதவி. நிழல் துணி கட்டுவதானால் வென்ட்டிலிருந்து தள்ளித்தான் கட்ட வேண்டும். புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே வீட்டு மின்சாரத்தில் ஓடவிட்டு, குளிர்ந்த சாமானை மட்டும் அடுக்க வேண்டும். இட்லி மாவு எடுத்துப் போகிற நம்மவர்கள் கவனிக்க: புளித்த மாவை அறைவெப்பத்தோடு அப்படியே வைத்தால் இந்த ஃப்ரிட்ஜ் அதைக் குளிரவைத்து முடிப்பதற்குள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். முதல் நாளே வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, டப்பாவில் கால்பங்கு காலி விட்டு மாற்றுவது நல்லது.

பின்பக்கம் மஞ்சள் தூள் படிந்திருந்து அம்மோனியா நெடி அடித்தால் எந்தக் கிட்டும் வாங்க வேண்டாம். கூலிங் யூனிட் ஓட்டையாகிவிட்டது. உடனே அணைத்து, கேஸை மூடி, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். அங்கிருந்து இரண்டு வழி: புது கூலிங் யூனிட், அல்லது அதையெல்லாம் கழற்றிவிட்டு 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ். இரண்டாவது வகை சாய்வைப் பொருட்படுத்தாது, வெயிலிலும் நின்று குளிர்விக்கும். ஆனால் பத்து கன அடி அளவுள்ளது கோடையில் நாளுக்குச் சுமார் 60 முதல் 100 ஆம்ப்-அவர் வரை தின்னும். ஒற்றை ஈய பேட்டரியும் சிறிய சோலார் பலகையும் அதற்குப் போதாது. பழைய ஃப்ரிட்ஜோ 20 பவுண்டு சிலிண்டர் ஒன்றில், மணிக்கு 1,500 பிடியு (வெப்ப அலகு) கணக்கில், சுமார் 12 நாள் ஓடும். மின் இணைப்பு இல்லாத இடத்தில் அதிகம் தங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மாற்றுவதானால் கேஸ் குழாயை முறையாக அடைத்து, கசிவு சோதித்து, பழைய வென்ட்கள் இரண்டையும் புது ஃப்ரிட்ஜின் கையேட்டில் சொல்லியிருக்கிறபடி மூடவோ திறந்து வைக்கவோ வேண்டும்.