லேர்னர்ஷிப் என்று சொல்லி ஒரு வருஷ உழைப்பை வாங்கிக்கொள்கிறார்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், முக்கியமாக சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம், மெட்ரிக் முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைப் படித்துக்காட்டுங்கள்.

சாட்ஸ்வொர்த் பெண் ஒருத்தி 2025 மார்ச்சில் ஒரு தனியார் கல்லூரியில் லேர்னர்ஷிப்பில், அதாவது படிப்பும் வேலையும் சேர்ந்த பயிற்சியில், சேர்ந்தாள். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, மற்ற நாட்களில் கடையில் வேலை. “கடையில் இடம் வாங்கித் தருகிறோம்” என்று 3,500 ராண்ட் வாங்கினார்கள். கடைக்காரர் மாதம் 2,000 ராண்ட் கொடுத்தார். பதினோரு மாதம் கழித்துச் சான்றிதழ் கேட்டபோதுதான், எந்தச் சீட்டாவிலும் (அந்தந்தத் துறையின் பயிற்சிகளைப் பதிவு செய்யும் அமைப்பு) அவள் பெயரே பதிவாகவில்லை என்று தெரிந்தது. அவள் கையெழுத்திட்டிருந்தது கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தில் மட்டும்.

லேர்னர்ஷிப் ஒப்பந்தத்தில் மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும்: படிப்பவர், வேலை கொடுப்பவர், பயிற்சி தருபவர். 1998-ஆம் ஆண்டு திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இது. அந்த ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட சீட்டாவில் பதிவாக வேண்டும். வேலையில்லாமல் இருந்து சேருகிறவருக்கு முதலாளி தனியாக ஒரு வேலை ஒப்பந்தமும் தர வேண்டும். ஆக, உங்கள் கையில் இரண்டு தாள் இருக்க வேண்டும். சேர்ந்த சில வாரங்களில் உங்கள் அடையாள எண்ணைச் சொல்லி சீட்டாவிடமே பதிவு பற்றிக் கேளுங்கள். “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கல்லூரி சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பதிவு செய்யாமல் விடும் முதலாளி கூலியிலும் ஏமாற்றுகிறார். 17-ஆம் பிரிவு ஒப்பந்தம் உள்ளவருக்கு மட்டுமே குறைந்த உதவித்தொகை கொடுக்கலாம். அது இல்லையென்றால் அந்தப் பிள்ளை சாதாரணத் தொழிலாளி. முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். அவள் சேர்ந்த 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. வாரம் 45 மணி நேர வேலைக்குக் கணக்குப் போட்டால் மாதம் சுமார் 5,600 ராண்ட் வருகிறது. 2,000 வாங்கியவளுக்கு மாதாமாதம் எவ்வளவு போனது என்று பாருங்கள். பலர் இதை வெறும் சான்றிதழ் ஏமாற்று என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இது கூலித் திருட்டு.

அந்த 3,500 ராண்டும் கொடுத்திருக்கக் கூடாத காசு. வேலை பிடித்துத் தருவதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தடுக்கிறது.

இன்னொரு பொறி, படிப்பே காலாவதியாகி இருப்பது. 2009-க்கு முந்தைய பழைய படிப்புத் தகுதிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதிதாகச் சேரக் கடைசி நாள் 2024 ஜூன் 30. அதற்கு முன் சேர்ந்தவர்கள் முடிக்க 2027 ஜூன் 30 வரை அவகாசம். இதைக் காட்டி, “2027 வரை செல்லும்” என்று சொல்லிப் புதிதாக ஆள் சேர்க்கிறார்கள். கல்லூரியிடம் தகுதியின் எண்ணைக் கேட்டு வாங்கி, சாக்காவின் (நாட்டின் படிப்புத் தகுதிகளைப் பட்டியலிடும் அமைப்பு) இணையப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். சேர்க்கைக்கான கடைசி நாள் அங்கேயே எழுதியிருக்கும். எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம். தொழிற்படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான கியூசிடிஓ-வின் அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட படிப்புக்கும் குறிப்பிட்ட கட்டடத்துக்கும் மட்டுமே செல்லும். வேறு ஊர்க் கிளையின் கடிதம் உங்களுக்கு உதவாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், தொழிலாளர் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏ-வுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. வங்கிக் கணக்கு அறிக்கை, வேலைக்கு வந்த நேரம் எழுதிய தாளின் படம், முதலாளி அனுப்பிய வாட்ஸப் செய்திகள், காசு கட்டிய ரசீது எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். லாக்புக்கை, அதாவது பயிற்சியில் செய்த வேலையை எழுதிவைக்கும் பதிவேட்டை, முதலாளியிடமோ கல்லூரியிடமோ திருப்பிக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்துவிடுங்கள். சண்டை வந்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.