ஒரே தெரு, இரண்டு தண்ணீர்: லண்டன், 1854

தெற்கு லண்டனில் பல தெருக்களில் இரண்டு தண்ணீர் கம்பெனிகளின் குழாய்களும் ஓடின. லாம்பெத் கம்பெனி 1852-லேயே தண்ணீர் எடுக்கும் இடத்தை, தேம்ஸ் ஆற்றின் மேல்பகுதியில் நகரச் சாக்கடை எட்டாத தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிவிட்டது. சவுத்வர்க்–வாக்ஸ்ஹால் கம்பெனியோ நகரத்துக்குள்ளேயே பாட்டர்சீயில், கழிவு கலந்த தண்ணீரையே எடுத்துக்கொண்டிருந்தது.

காலரா வந்ததும் மருத்துவர் ஜான் ஸ்னோ, சாவு விழுந்த வீடுகளில் எந்தக் கம்பெனியின் தண்ணீர் என்று விசாரித்தார். சில வீட்டுக்காரர்களுக்கே அது தெரியவில்லை. சரி என்று தண்ணீரை வாங்கிவந்து உப்பைச் சோதித்தார். பாட்டர்சீ தண்ணீரில் உப்பு பல மடங்கு அதிகம்; அதை வைத்தே எந்தக் கம்பெனி என்று கண்டுகொண்டார். இந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

முதல் ஏழு வாரங்களில் 10,000 வீடுகளுக்கு சவுத்வர்க்–வாக்ஸ்ஹால் கம்பெனியின் வீடுகளில் 315 சாவு, லாம்பெத் கம்பெனியின் வீடுகளில் 37. காற்றும் தெருவும் ஒன்றுதான். ஏழை, பணக்காரர் இரண்டு பக்கமும் இருந்தார்கள். எந்தக் குழாய் என்பதோ, கம்பெனிகள் போட்டி போட்ட நாளிலேயே முடிவாகியிருந்தது. ஆக, வேறுபட்டது தண்ணீர்தான்.