மொரிஷியஸில் ஒரு நாள்: பஸ்ஸா, காரா, படகா?

வரைபடத்தில் பார்த்தால் மொரிஷியஸ் ஒரு பிடிதான். வடக்கு தெற்காக 65 கிலோமீட்டர், குறுக்கே 45. சென்னையிலிருந்து செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்சம் போகிற தூரம். ஒரே நாளில் சுற்றி முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் நானும் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, நடுவில் மேட்டுநிலம், வளைந்து வளைந்து ஏறும் சாலை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. ஒரு நாள் டூர் என்று விற்பது எல்லாமே தீவின் ஒரு மூலைதான். தென்மேற்கு ஒரு நாள், கிழக்குக் கடல் ஒரு நாள், வடக்கும் தலைநகரும் ஒரு நாள்.

மே கடைசி வாரம், அம்மா, மனைவி, பத்து வயது மகள், நான் என நான்கு பேர். மேற்குக் கரையில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் தங்கினோம். ஆறு நாளில் மூன்று வகை டூரையும் எடுத்துப் பார்த்தோம். திட்டம் போட்டு அல்ல. முதல் நாள் பஸ் டூர் கொடுத்த எரிச்சலில் இரண்டாவது, அது கொடுத்த உற்சாகத்தில் மூன்றாவது.

முதலில் பஸ். ஏழரைக்கு ஓட்டல் வாசலில் இருபது இருக்கை வண்டி வந்து நின்றது. வண்டியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நல்லதாய்ப் போச்சு என்று ஜன்னலோரமாக உட்கார்ந்தோம். பிறகு இன்னும் நான்கு ஓட்டல் வாசல்கள். வண்டி மலைப்பக்கம் திரும்பும்போது மணி ஒன்பதே கால். மாலையில் அதே வழியைத் தலைகீழாகப் பிடித்ததால் கடைசியாக இறங்கியதும் நாங்களே. அந்த மாதத்தில் அங்கே ஐந்தரை, ஐந்தே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடுகிறது. அதனால் காலையில் போகிற ஒவ்வொரு அரைமணியும் அங்கே காசு.

தென்மேற்கு பஸ் டூரின் வரிசை எல்லா நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் மேட்டுநில ஊரான கியூர்பிப் பக்கம் மரக்கப்பல் மாதிரிகள் செய்யும் பட்டறை. வேலை அருமை, அதில் குறை சொல்ல முடியாது. பாய்மரக் கயிறுகளை நூலில் முடிச்சுப் போடும் பெண்களின் விரலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பட்டறையில் பத்து நிமிடம், ஒட்டியிருந்த கடையில் அரைமணி. அடுத்து த்ரூ ஓ செர்ஃப் என்ற பழைய எரிமலை வாய். கியூர்பிப்பில் எப்போதும் இருக்கிற தூறலும் பனிமூட்டமும் அன்றைக்கும் இருந்ததால் வெள்ளையாக எதையோ பார்த்தோம். பிறகு கங்கா தலாவ். 33 மீட்டர் உயரச் சிவன் சிலை, எரிமலை வாயில் தேங்கிய ஏரி, கரை முழுக்கச் சன்னதிகள், பிரசாதத் தட்டைக் குறிவைத்த குரங்குகள். மகா சிவராத்திரிக்குத் தீவெங்கிலுமிருந்து மக்கள் நடந்தே வந்து சேரும் இடம். எங்களுக்குக் கொடுத்தது 25 நிமிடம். அம்மா பிரகாரம் சுற்றி முடிப்பதற்குள் ஹாரன்.

வழிகாட்டிக்கு விஷயம் தெரியும். அதைச் சொல்லியே ஆக வேண்டும். பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவின் பார்வை முனையில் நின்று, மொரிஷியஸ் வல்லூறு 1974இல் காட்டில் வெறும் நான்கு மட்டுமே மிச்சமிருந்த கதையையும், கூண்டில் பொரிக்கவைத்து அதை மீட்ட கதையையும் நன்றாகச் சொன்னார். டோடோ பறவையை இழந்த தீவு இன்னொன்றை இழக்காமல் பிடித்துக்கொண்ட கதை. ஆனால் எதையும் ஒருமுறை பிரெஞ்சில், மறுபடி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது மொழிக்கு வரும்போது பாதிப்பேர் போட்டோ எடுக்க இறங்கிவிடுவார்கள். கேள்வி கேட்க இடமே இல்லை.

சமரெலுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ச் சேர்ந்தோம். எல்லா பஸ்ஸும் அப்போதுதான் வருகிறது. அங்கே பார்க்கப் போகிற ஏழு வண்ண மண் என்பது எரிமலைப் பாறை மக்கிக் களிமண்ணாகி, கரையக்கூடியதெல்லாம் மழையில் போய், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிய மேடு. சிவப்பு, பழுப்பு, ஊதா என்று அலையலையாகக் கிடக்கும். மேலே வெயில் நேராக அடிக்கும்போது அது செம்மண் மேடு, அவ்வளவுதான். மகள் வேலி ஓரமாக நின்று விரல் விட்டு எண்ணி, “நாலுதாம்ப்பா இருக்கு” என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஓட்டுநரோடு கார் எடுத்து, அதே மேட்டைக் காலை எட்டரைக்குக் கேட் திறந்த கையோடு பார்த்தோம். சாய்ந்த வெயில். ஆறு வரைக்கும் எண்ணினாள். எங்களைத் தவிர ஒரு ஜோடிதான் இருந்தது. பக்கத்திலேயே சுமார் 100 மீட்டர் விழும் சமரெல் அருவி. அதையும் நிதானமாக நின்று பார்த்தோம். இதுதான் கார் டூருக்கும் பஸ் டூருக்கும் உள்ள முதல் வித்தியாசம். இடம் ஒன்றுதான், மணி வேறு.

இரண்டாவது வித்தியாசம் பேச்சு. ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், சுற்றுலா டாக்சி உரிமம் வைத்திருப்பவர், அப்பா வழியில் தமிழர். தமிழ் பேசத் தெரியாது. உள்ளூர் மொழியான கிரியோல், பிரெஞ்சு, தட்டுத்தடுமாறி ஆங்கிலம். அம்மாவுக்கு இது மூன்றும் தெரியாது. ஆனாலும் அவரைத் “தம்பி” என்று கூப்பிட்டு, வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று என் மூலமாகக் கேட்டார். அவர் சொன்ன பட்டியலை நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. கறிவேப்பிலைக்கு அங்கே “கறிப்புலே”. முருங்கைக்கீரைக்கு “பிரெத் முரும்”. பீர்க்கங்காய் “பிப்பங்காய்”. ரசம் “ரசோன்”. கல்யாணத்துக்கும் காவடிக்கும் வாழையிலையில் “செத் காரி”, அதாவது ஏழு கறி. அன்றைக்கு மதியம் டூர்க்காரர்களின் ரெஸ்டாரண்டுக்குப் போகாமல் வழியில் ஒரு பெட்டிக்கடையில் பருப்பு வைத்த “டோல் பூரி”யும் மிளகாய் வடை மாதிரியான கத்தோ பிமாவும் சாப்பிட்டோம். “புத்து”, அதாவது நம் புட்டு, கிடைக்குமா என்று அம்மா கேட்க, சந்தைக்குக் காலையில் போனால் சுடச்சுட இருக்கும் என்றார்.

வரிசையையும் அவர்தான் புரட்டிப் போட்டார். சமரெல் முதலில், பிறகு கீழே இறங்கி லெ மோர்ன். 556 மீட்டர் உயரமான அந்தத் தனிப்பாறையை நாங்கள் எடுத்த பஸ் டூர் தூரத்தில் காட்டிவிட்டுப் போய்விட்டது. தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் ஒளிந்த மலை அது. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்ததைச் சொல்ல வந்த வீரர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து உச்சியிலிருந்து குதித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு இதைச் சொன்னார். அங்கிருந்து தெற்குக் கரையோரமாகவே ஓட்டி க்ரி க்ரி. தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையம் இருப்பதால் எங்கும் கடல் குளம் போலக் கிடக்கும்; அந்த வளையம் விட்டுப்போன இடங்களில் க்ரி க்ரியும் ஒன்று, அலை நேராகக் குன்றில் வந்து மோதுகிறது. பிற்பகலில் மேலேறி கங்கா தலாவ்; அம்மா மூன்று சுற்றும் சுற்றினார். இறங்கும் வழியில் சாலையோரம் சின்னச் சிவப்புக் கொய்யாவை உப்பும் மிளகாயும் போட்டு விற்றார்கள். அதற்கும் நின்றோம்.

காரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் நன்றாக அமைவது அதிர்ஷ்டம். எங்களுக்கு அடுத்த அறையில் இருந்தவர்களுக்கு வாய்த்தவர் போனிலேயே இருந்தாராம், கேட்காமலே ரம் ஆலைக்கும் வைரக்கடைக்கும் கூட்டிப்போனாராம். வாடகை முழு வண்டிக்கு. தனியாகவோ இருவராகவோ போனால் பஸ்ஸைவிடக் கையைக் கடிக்கும். நான்கு பேராகப் போன எங்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது. நுழைவுச்சீட்டு தனி. எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், கடைக்கு நிற்கக் கூடாது, மூன்றையும் முதல் நாள் இரவே வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செடி கொடிப் பெயரெல்லாம் கேட்டால் பஸ் வழிகாட்டி அளவுக்குப் பதில் வராது.

மாலையில் பணம் கொடுக்கும்போது அம்மா நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழில் எழுதியிருந்தது. 1998இல் புது நோட்டுகளில் தமிழைக் கீழே இறக்கி இந்தியை மேலே போட்டு அச்சடித்தபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்த்துக் கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். பேசத் தெரியாத மொழிக்காகவா என்று எனக்கு வியப்பு. ஓட்டுநருக்கு அதில் வியக்க எதுவும் இல்லை.

படகுக்கு வருவோம். கேட்டமரான் என்ற இரட்டை உடல் பாய்மரப் படகில் போகும் டூர் என்பது டூரே அல்ல, பிக்னிக். காலை ஒன்பதுக்கு ஏறி மாலை நாலுக்கு இறங்குவது. முன்பக்க வலையில் படுத்துக்கொண்டு, நனைந்துகொண்டு, உள்ளூர் செகா பாட்டுக் கேட்டுக்கொண்டு போவது. வழிகாட்டியிடம் கதை எதிர்பார்க்காதீர்கள். கிழக்கில் ஈல் ஓ செர்ஃப், மேற்கில் பெனித்தியே தீவு என்று இரண்டு பக்கம் இருக்கிறது. கிழக்கில் தண்ணீரின் நிறம் அழகு, வழியில் சின்னப் படகுக்கு மாற்றி ஆற்றுமுக அருவி ஒன்றும் காட்டுவார்கள். செர்ஃப் என்றால் மான். மான் தீவு என்று பெயர், இருப்பது கோல்ஃப் மைதானம்.

ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில்தான் நேராக அடிக்கும். எங்களுக்கு மே கடைசியிலேயே ஆட்டம் இருந்தது. அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியவர், தீவு வந்துதான் திறந்தார். அந்த மாதங்களில் போகிறவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் மேற்குப் பக்கத்தையே எடுக்கலாம். மலை மறைப்பதால் கடல் அமைதி, லெ மோர்னையும் தண்ணீரிலிருந்து பார்க்கலாம். வெறும் ஈல் ஓ செர்ஃப் மட்டும் போதுமென்றால் கிழக்குக் கரையில் த்ரூ தோ தூஸ் துறையிலிருந்து சாதாரணப் படகு இருக்கிறது, கால் மணி, இருபது நிமிடப் பயணம், செலவும் குறைவு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், ஏறுவதற்கு முன் மறுபடி சொல்லுங்கள். நாங்கள் ஒருமுறைதான் சொன்னோம். படகில் கோழியும் மீனும் சுட்டுக்கொண்டிருக்க, அம்மாவுக்கு ரொட்டியும் கோஸ் சாலட்டும் வந்தது. பாராசெய்லிங், ட்யூப் எல்லாம் தீவில் இறங்கிய பிறகு தனிக்காசு. டால்ஃபினோடு நீந்துவது என்று காலையில் தாமரின் விரிகுடாவுக்குக் கூட்டிப்போகிற படகு டூர் ஒன்றும் உண்டு. ஒரு கூட்டத்தை எத்தனையோ படகுகள் சுற்றி வளைத்துத் துரத்துவதைக் கரையிலிருந்து பார்த்ததே போதும் என்று அதை விட்டுவிட்டோம். இன்னொன்று, பிரசுர அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘கடலுக்கடி அருவி’ படகிலிருந்து தெரியாது. லெ மோர்ன் ஓரத்தில் மணலும் வண்டலும் ஆழத்துக்குச் சரிவது மேலிருந்து பார்க்கும்போது அருவி போல் தோன்றும் கண்மயக்கு அது. ஹெலிகாப்டருக்குக் காசு கொடுக்கிறவர்களுக்கு மட்டும்.

என்னைக் கேட்டால், கையில் இருப்பது ஒரே நாள் என்றால் காரும் தென்மேற்கும். குழந்தைகளோடு இரண்டாவது நாள் கிடைத்தால் படகு. தனியாகப் போகிறவர், துணைக்கு நாலு பேர் இருந்தால் தேவலை என்பவர் பஸ்ஸை எடுக்கலாம். அப்படியானால் கடைசியாக ஏற்றும் ஓட்டல் பக்கம் தங்கியிருந்தால் பாக்கியம். வண்டி வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவதும் சுலபம்தான், நம்மைப் போல இடதுபக்க ஓட்டம், ஆனால் சமரெல் வளைவுகளில் ஓட்டுகிறவருக்குச் சாலை மட்டுமே தெரியும்.

தலைநகர் போர்ட் லூயிக்கு மட்டும் டூர் எடுக்காதீர்கள். பஸ்ஸில் போய்விடலாம், கியூர்பிப் பக்கம் தங்கியிருந்தால் மெட்ரோவே இருக்கிறது. காலையில் மத்தியச் சந்தையில் புத்தும், அலுதா என்ற குளிர்ந்த பால் பானமும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் துறைமுகத்தோரம் ஆப்ரவாசி காட். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்த லட்சக்கணக்கானவர்களின் வழி அந்தக் கல்கட்டடம். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறிய பதினாறு படிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், சனிக்கிழமை நண்பகலோடு சரி. நாங்கள் முதலில் போனது ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு.