டீஸ்பேஸில் படங்களை மாற்ற: திரை வழியா, கட்டளை வழியா?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளில் தமிழிலும் மலையாளத்திலும் கிடக்கும் பழைய கரம் (வரி) கட்டின ரசீதுகளை மறுபடி தெளிவாக ஸ்கேன் செய்தாயிற்று. டீஸ்பேஸில் (ஆவணங்களைச் சேமித்து இணையத்தில் காட்டும் மென்பொருள்) முன்பு ஏற்றிய மங்கலான படங்களை எப்படி மாற்றுவது?

நாலைந்து பதிவுதான் என்றால் திரையிலேயே பழைய கோப்பை நீக்கிப் புதியதை ஏற்றலாம். தப்பு உடனே கண்ணில் படும்.

நூற்றுக்கணக்கில் என்றால் விரல் தேய்ந்துவிடும். பல பதிவுகளை ஒரே ஓட்டத்தில் மாற்றும் ஐட்டம்அப்டேட் கட்டளைதான் சரி. பதிவுக்கு ஒரு ஃபோல்டர். அதில் புதுப் படம், எந்தப் பதிவு என்று சொல்லும் டப்ளின் கோர் (பதிவின் விவரக்குறிப்பு) கோப்பு, கோப்புப் பெயர்களை எழுதிய கன்டென்ட்ஸ் பட்டியல். (இந்த ஏற்பாடுதான் நேரத்தைத் தின்னும்.) முதலில் சோதனை முறையில் ஓட்டுங்கள், எதுவும் மாறாது. நிஜமாக மாற்றிய அப்புறம், சிறுபடங்களை உருவாக்க ஃபில்டர்மீடியா என்ற கட்டளையையும் ஓட்ட வேண்டும்.

எப்படிச் செய்தாலும் பதிவின் ஹேண்டில் முகவரி (அதன் நிரந்தர இணைப்பு) மாறாது. டீஸ்பேஸின் புதிய பதிப்புகளில், படத்துக்கே நேராகக் கொடுத்த இணைப்புதான் அறுந்துவிடும்.