பினாங்கு ரசத்துக்குக் கருமிளகா, சிலி பாடியா?

பினாங்கின் லெபு பசார் தெரு மளிகைக் கடைகளில் சரவாக் கருமிளகு கிடைக்கும். சிலி பாடி என்ற குட்டிக் காரமிளகாய்க்கோ எந்தச் சந்தையிலும் பஞ்சமில்லை. ரசத்துக்கு என் ஓட்டு மிளகுக்குத்தான்.

மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்ற ஆல்கலாய்டு, அதாவது நைட்ரஜன் கொண்ட தாவரச் சேர்மம். டேனிஷ் அறிஞர் ஆர்ஸ்டெட் 1819இல் பிரித்தெடுத்தது. ஒரு மூலக்கூறில் 17 கார்பன், 19 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 3 ஆக்சிஜன். ஆல்கலாய்டு என்றால் வேதியியல் காரத்தன்மை (நாக்கில் உறைப்பதல்ல, அமிலத்துக்கு எதிரான குணம்) இருக்க வேண்டுமே என்பீர்கள். இதில் நைட்ரஜன், ஆக்சிஜன் ஏந்திய கார்பனோடு சேரும் அமைடு பிணைப்பில் மாட்டிக்கொண்டிருப்பதால் அந்தக் குணம் அநேகமாக இல்லை. சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகும்.

மிளகாயை உறைக்க வைக்கும் கேப்சைசினும் அமைடுதான்: 18 கார்பன், 27 ஹைட்ரஜன், மற்றவை அதே எண்ணிக்கை. 65 டிகிரிக்குள் உருகிவிடும். காரத்திலோ பைப்பரினைவிடப் பல மடங்கு மேலே. நாக்கில் இரண்டும் தட்டுவது ஒரே கதவை, சூட்டை உணரும் டி.ஆர்.பி.வி.1 ஏற்பியை.

இரண்டும் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் இடித்த மிளகை நெய்யில் ஒரு புரட்டு புரட்டி ரசத்தில் கொட்டுங்கள். வெறுமனே மேலே தூவினால் காரம் அடியில் தங்கிவிடும். அப்புறம், வெளிச்சம் பட்டால் பைப்பரினின் வடிவம் மாறிக் காரம் குறையும். கண்ணாடிப் புட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், தகர டப்பாவே மேல்.

ஒரு எச்சரிக்கை: மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைப் பைப்பரின் குறைக்கும். ரசத்தால் பயமில்லை, தினமும் மாத்திரை போடுபவர்கள் பைப்பரின் கேப்சூல் வாங்குமுன் மருத்துவரைக் கேட்கட்டும். சிலி பாடியை நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.