மூன்று நாள் வேலை, பாப்பா

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் மாட்டுவதற்காகச் சுவரில் ஓர் ஓட்டை போட்டேன். ஒரே ஓட்டைதான். மறுநாள் காலையில் கீழ்வீட்டுப் பாட்டி எழுதிய சீட்டு கதவிடுக்கில் இருந்தது: ஞாயிறு ஓய்வு நாள், இனி இப்படி நடக்கக் கூடாது, அன்புடன் இன்னார். ஆறு ஆண்டுகள் ஆகியும் அந்தக் கையெழுத்து எனக்கு மறக்கவில்லை. ஜூலை கடைசியில் ஒரு நாள், பின்னிரவு இரண்டரை மணிக்கு, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவில் ஒரு டிப்பர் லாரி தன் முதுகைத் தூக்கிக் கொட்டியபோது அந்தப் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

லாரிக்கு வருகிறேன். முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகிறது. குளியலறையோ பின்கட்டில், நான்கு படி இறங்க வேண்டும். அதன் தரையை வீட்டு மட்டத்துக்கு உயர்த்தி, அடுக்களை நடையிலிருந்து ஒரு வாசல் திறந்து, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி பதிக்க வேண்டும். அவ்வளவுதான். எனக்கு விடுப்பு 28 நாள். வங்கி, ஆதார், எரிவாயு இணைப்பு எல்லாம் நான் பயந்ததற்கு மாறாக ஒரே வாரத்தில் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மேஸ்திரி எங்களுக்குப் புதியவர் அல்ல. அப்பா காலத்தில் திண்ணை பூசியவர். எனக்கு 43 வயது, அவருக்கு நான் இன்னும் பாப்பா. நான் ஊருக்கு வந்த மூன்றாம் நாளே நேரில் வந்தார், சுவரை விரல் முட்டியால் தட்டினார், மோட்டுவளையைப் பார்த்தார், வெற்றிலை போட்டார். "மூன்று நாள் வேலை, பாப்பா" என்றார். மதிப்பீட்டை எழுதித் தாருங்கள் என்றேன். யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ ஒன்றின் பின்புறத்தில் எழுதினார்: செங்கல், சிமெண்ட், மணல் அரை யூனிட். கூலி என்ற இடத்தில் ஒரு கோடு. "அதை நமக்குள் பார்த்துக்கொள்ளலாம்." ஜெர்மனியில் ஒரு குழாய் மாற்றுவதற்கு மூன்று பக்க மதிப்பீடு வரும், ஆள் வண்டியில் வந்து போவதற்குத் தனிக் கட்டணம் போட்டிருப்பார்கள். அதைத் திட்டித் தீர்த்தவள்தான் நான். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது.

எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டதும் ஆடி வந்துவிட்டது. ஆடியில் யாராவது வேலை ஆரம்பிப்பார்களா என்றார் மேஸ்திரி. ஆடி 11 வாஸ்து நாள்தானே என்றார் அம்மா. வாஸ்து புதுவீட்டுக்குத்தான், இது பழுது பார்க்கிற வேலை என்றேன் நான். பழுது என்றால் ஆடி தடுக்காதே என்று அம்மா என் பக்கம் வருவார் என எதிர்பார்த்தேன்; வரவில்லை. வாஸ்து புருஷன் ஆண்டில் எட்டு நாள் மட்டும் கண் விழிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். விழித்தாலும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம். பல் துலக்க, குளிக்க, பூசை செய்ய, சாப்பிட, தாம்பூலம் போட ஒவ்வொன்றுக்கும் 18 நிமிடம். கடைசி 36 நிமிடம்தான் நமக்கு உகந்தது. எங்கள் மேஸ்திரியின் கால அட்டவணையும் ஏறக்குறைய அதுதான் என்று பிறகு தெரிந்தது.

ஜூலை 27 காலையில் வந்தார். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, கையோடு குளியலறையின் பக்கச் சுவரையும் உடைத்தார். பாதி உடைத்தார். ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கரண்டியையும் மட்டப்பலகையையும் மணல் அள்ளும் பாண்டு ஒன்றையும் மூலையில் வைத்துவிட்டு, "மதியம் ஆளோடு வருகிறேன்" என்று போனார்.

எந்த மதியம் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

முன்பணத்துக்கு ரசீது கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறது, அந்த ஓட்டைதான் ரசீது. பாதி உடைத்த வீட்டில் இன்னொரு மேஸ்திரி கை வைக்க மாட்டார். அந்தக் கரண்டி அங்கே இருக்கும்வரை வேலை நடந்துகொண்டிருப்பதாகத்தான் கணக்கு. ஓட்டையைத் தார்பாய் கட்டி மறைத்தோம். அம்மியும் நகரும் ஆடிக் காற்றுக்குத் தார்பாய் எம்மாத்திரம்? இரண்டாம் நாள் அது கொய்யா மரத்தில் இருந்தது. அம்மா துண்டும் சோப்புப் பெட்டியுமாகப் பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போகத் தொடங்கினார். அரை மணி நேரத்தில் குளித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வருவார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. இந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் அவசரம் இல்லை.

மேஸ்திரியைத் தொலைபேசியில் அழைத்தால் மணி அடிக்கும். எப்போதாவது எடுத்தால், "வந்துகொண்டே இருக்கிறேன் பாப்பா." பின்னால் கோழி கூவும், சைக்கிள் மணி கேட்கும், வந்துகொண்டிருக்கும் வண்டியின் சத்தம் மட்டும் கேட்காது.

இனி அந்த இரவு. நிலம் அதிர்ந்தது என்று விழித்தேன். வாசலைத் திறந்தால் தெரு முழுக்கத் தூசி, நடுவில் மலைபோல எம் சாண்ட் மணல். அரை யூனிட் என்றால் ஐம்பது கன அடி. கொட்டியிருந்தது அதைப் போல் நான்கு மடங்கு. அதிலும் பாதி எங்கள் வாசலில் இல்லை, பக்கத்து வீட்டில் நிப்பட்டு, அதாவது தட்டை, விற்கும் வியாபாரியின் கதவை அடைத்துக் கிடந்தது. "அரை யூனிட்டுக்கு வண்டி வராது அக்கா" என்றார் ஓட்டுநர். பகலில் கொண்டு வந்தால் என்ன? "பகலில் இந்தத் தெருவில் வண்டி திரும்புமா?" நான் மேஸ்திரியின் பெயரைச் சொன்னதும் அவர் தன் கைப்பேசியில் அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தார் மேஸ்திரி! நான்கு நாளாக என் அழைப்பை ஒழுங்காக எடுக்காத மனிதர், இரவு இரண்டரை மணிக்கு, லாரிக்காரருக்கு, முதல் மணியில். அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு எந்த மொழியிலும் சொல் இல்லை.

பக்கத்து வீட்டு மாமா லுங்கியைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். நான்கு மணிக்கு அவருடைய சரக்கு வண்டி ஓசூருக்குக் கிளம்ப வேண்டும். சீட்டு எழுதுவார் என்று நின்றேன். அவர் மணலை ஒரு கை அள்ளிப் பார்த்தார். "ஈரம் இருக்கிறது, இப்போதே தள்ளிவிடலாம்" என்று மண்வெட்டி எடுத்துவரப் போனார். எதிர்வீட்டுப் பையன்கள் இருவர் வந்தார்கள். மேஸ்திரியின் பாண்டுக்கு அன்றுதான் முதல் வேலை கிடைத்தது. அம்மா தேநீர் போட்டு லாரிக்காரருக்கும் சேர்த்துக் கொடுத்தார். மூன்றே முக்காலுக்கு ஒரு வண்டி போகும் அகலம் கிடைத்தது. ஸ்டுட்கார்ட்டில் எட்டு ஆண்டு குடியிருந்தும் பக்கத்து வீட்டாரின் முழுப்பெயரை அஞ்சல் பெட்டியில்தான் படித்திருக்கிறேன். கையில் கொப்புளத்தோடு நிற்கும்போது இதெல்லாம் தோன்றுகிறது. கொப்புளம் உடைந்ததும் கோபம் திரும்பி வந்துவிடுகிறது.

கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணை கட்டிய காலத்தில் தாத்தா இந்த வீட்டைக் கட்டினார். மணல் தென்பெண்ணையிலிருந்து மாட்டு வண்டியில் வந்ததாம், சலித்தால் கிளிஞ்சல் கிடைக்குமாம். இப்போது வருவது அரைத்த கல். சிறு வயதில் நாங்கள் ஏறி விளையாடிய கரடு ஒன்று பாதியாகிவிட்டதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ஒருவேளை அதுதான் எங்கள் வாசலில் கிடக்கிறதோ.

விடிந்ததும் மேஸ்திரியைத் தேடிக் கிருஷ்ணகிரிக்கே போனேன். பழையபேட்டையில் ஒரு வீட்டில் இருந்தார். அங்கேயும் ஒரு சுவர் பாதி உடைந்திருந்தது, மூலையில் ஒரு கரண்டி. அந்த வீட்டு அம்மாள் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "உங்களுக்கு எத்தனை நாள்?" "ஐந்து." "எனக்குப் பதினாறு."

மேஸ்திரி என்னைக் கண்டு கூச்சப்படவே இல்லை. உட்காரச் சொன்னார். கொத்தனார்கள் விடியற்காலை பஸ்ஸில் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள், அங்கே கூலி அதிகம். சித்தாள் பெண்கள் மாம்பழக் கூழ் ஆலைகளில். பெங்களூரா ரக மாங்காய் வரத்து முடிந்தால்தான் வருவார்கள். மிச்சம் இருக்கும் நான்கு பேருக்குச் சனிக்கிழமை தவறாமல் சம்பளம் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அவர்களும் பஸ் ஏறிவிடுவார்கள். ஒரு வீட்டு முன்பணத்தில் இன்னொரு வீட்டுச் சனிக்கிழமை ஓடுகிறது. "நான் என்ன செய்யட்டும் பாப்பா, நான்கு வீட்டையும் உயிரோடு வைத்திருக்கிறேன்." இதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தால் விடுப்பை வேறு மாதத்துக்கு மாற்றியிருப்பேன். நல்ல செய்தியை மட்டும் வாயால் சொல்வது, கெட்ட செய்தியை வராமல் இருந்து சொல்வது: இந்தப் பழைய முறை எனக்குத் தெரிந்ததுதான். மறந்துவிட்டேன், அது என் தவறு.

திங்கள் உறுதி என்றார். அதற்குள் பதினெட்டாம் பெருக்கு வந்தது. ஆட்கள் ஒகேனக்கல்லுக்குப் போய்விட்டார்கள். பிறகு ஊர்க் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். மணல் மேட்டில் பூனை ஒன்று குடித்தனம் வைத்தது.

ஆகஸ்ட் 9 காலையில் கிளம்பினேன். ரயில் நிலையம் இல்லாத மாவட்டத் தலைநகர் எங்களுடையது; பெங்களூர் விமான நிலையத்துக்குக் கார்தான். அத்திப்பள்ளி நெரிசலில் நிற்கும்போது அம்மா அழைத்தார்.

"மேஸ்திரி வந்துவிட்டார் கண்ணு. நான்கு ஆளோடு வந்திருக்கிறார். மூன்று நாளில் முடிந்துவிடுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. "வேறு என்ன சொன்னார்?"

"இந்த மணல் கட்டு வேலைக்கு மட்டும்தானாம். பூச்சுக்குப் பி சாண்ட் வேண்டுமாம். சொல்லிவிட்டாராம், இன்று இரவே வந்துவிடும் என்கிறார்."

"அம்மா, பக்கத்து வீட்டு மாமாவிடம் உடனே போய்ச் சொல்லுங்கள்" என்றேன். "வண்டியை இப்போதே வெளியே எடுத்து நிறுத்தட்டும்."