பல வருஷம் சிஎஃப்டி மெஷ்களோடு: எது எங்கே கைகொடுக்கிறது

குழாய், வால்வு, ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று உள்ளோட்டக் கணக்குகளைத்தான் பல வருஷமாக ஓட்டி வருகிறேன். சென்சார் நுழையாத இடத்தில்கூட அழுத்தத்தையும் வேகத்தையும் பார்த்துவிடலாம் என்பது சிஎஃப்டியின் (திரவ, வாயு ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறையின்) பெரிய வரம், ஆனால் மெஷ் (ஓட்டம் நடக்கும் இடத்தைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரிக்கும் வலை) சரியில்லை என்றால் அந்த எண்களை நம்பவே முடியாது.

டெட்ரா (நான்முகச் செல்) மெஷ்ஷின் பலம் ஒன்றுதான், எவ்வளவு சிக்கலான வடிவத்தையும் தானாக, சீக்கிரமாக நிரப்பிவிடும். செல்லுக்கு நாலே முகம், நாலே அண்டைச் செல் என்பதால் கிரேடியன்ட் (அழுத்தமும் வேகமும் இடத்துக்கு இடம் மாறும் விகிதம்) சுமாராகத்தான் வரும், செல் முகங்களும் ஓட்டத் திசைக்குப் பொருந்தி அமையாது, அதனால் நியூமெரிக்கல் டிஃப்யூஷன் (கணக்கு முறையே உண்டாக்கும் போலிப் பரவல்) கூடி, கூர்மையாகத் தெரிய வேண்டிய ஜெட் மழுங்கிப் போகும். அதையே பாலிஹெட்ரலாக (பல முகங்கள் கொண்ட செல்களாக) மாற்றினால் செல் எண்ணிக்கை கணிசமாகக் குறைகிறது, ஒவ்வொரு செல்லுக்கும் பத்துக்கு மேல் அண்டைச் செல்கள் கிடைக்கின்றன, ரெசிடுவல் (சமன்பாடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் பிழை) இறங்கும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும். வளைவும் கிளையும் நிறைந்த பாகம் என்றால் இப்போது என் முதல் தேர்வு இதுதான்.

நீளமான நேர்க்குழாய்க்கு ஹெக்ஸா (ஆறு முகப் பெட்டி போன்ற செல்). வடிவத்தைப் பிளாக்குகளாகப் பிரிக்க நேரம் பிடிக்கும், ஆனால் ஓட்டத் திசையில் செல்லை நீட்டிக்கொள்ளலாம்.

எந்த வகையானாலும் சுவரை ஒட்டிய அடுக்குகளில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் உராய்வும் வெப்பக் கடத்தலும் அங்கேதான் தீர்மானமாகின்றன. கே-ஒமேகா எஸ்எஸ்டி (கொந்தளிப்பான ஓட்டத்துக்கான ஒரு மாடல்) வைத்து வெப்பம் கணக்கிட வேண்டுமா, ஒய் பிளஸ் (சுவரிலிருந்து முதல் செல்லின் தூரத்தைச் சொல்லும் அலகில்லா எண்) 1-க்கு அருகில், அடுக்கு வளர்ச்சி 1.2-க்குள். வால் ஃபங்ஷன் (சுவரோர ஓட்டத்தைச் சூத்திரத்தால் தோராயமாக்குவது) போதுமென்றால் ஒய் பிளஸ் 30-க்கு மேல். 5 முதல் 30 வரையுள்ள பஃபர் பகுதியில் முதல் செல் விழாமல் பார்த்துக்கொள்வேன். அப்புறம், கடைசி அடுக்கிலிருந்து உள்செல்லுக்கு அளவு திடீரென்று தாவக் கூடாது, இதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

ஓபன்ஃபோமில் (இலவச சிஎஃப்டி மென்பொருள்) செக்மெஷ் என்ற மெஷ் சோதனையைப் பார்க்காமல் சால்வரை (கணக்கை ஓட்டும் நிரலை) தொடுவதில்லை. நான்-ஆர்த்தோகோனாலிட்டி (அண்டைச் செல்களின் மையங்களை இணைக்கும் கோடு, இடையிலுள்ள முகத்தின் செங்குத்திலிருந்து விலகும் கோணம்) 70 டிகிரியைத் தாண்டினால், அதைச் சரிக்கட்டும் கரெக்டர் சுற்றுகளைச் சேர்ப்பதற்கு முன் மெஷ்ஷையே திருத்திப் பார்ப்பேன்.

மெஷ் இண்டிபெண்டன்ஸுக்கு (மெஷ்ஷை நெருக்கினாலும் விடை மாறவில்லை என்று உறுதிசெய்ய) மூன்று மெஷ் கட்டாயம். எல்லாத் திசையிலும் இரண்டு மடங்கு நெருக்கினால் செல் 8 மடங்கு, நேரத்தோடு மாறும் ஓட்டத்தில் கூரண்ட் எண்ணை (ஒரு டைம் ஸ்டெப்பில் ஓட்டம் எத்தனை செல்லைக் கடக்கிறது என்பதை) காப்பாற்ற டைம் ஸ்டெப்பும் பாதியாகி வேலை 16 மடங்காகிவிடும். 1.3 மடங்கு நெருக்கினால் செல் சுமார் 2.2 மடங்குதான். நடு மெஷ்ஷுக்கும் நெருக்கமான மெஷ்ஷுக்கும் அழுத்த இழப்பில் பெரிய மாற்றம் இல்லையென்றால், அதன்பின் டிசைன் மாற்றங்களையெல்லாம் நடு மெஷ்ஷிலேயே ஓட்டுகிறேன்.